லுசேர்னில் இறந்துபோன ஆத்தா

லுசேர்ன் ரயில் நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தவன், பிடியை விடுவதற்கு முன்பே என் காதோரம் சொன்ன முதல் பேச்சு, "மாப்ள, வீட்ல ஊர் பேர எடுத்துறாத" என்பதுதான்.

நான் விளங்காமல் பார்த்தேன்.

"ஒன்னய எனக்கு அகதி முகாம்ல இருந்தப்பத்தான் தெரியும்னு சொல்லி வச்சிருக்கேன். சாப்பாடு கொண்டாந்து குடுத்த ஆளுன்னு. சின்னப் புள்ளையில இருந்து பழக்கம்னு வாய் தவறிக்கூடச் சொல்லிறாத."

"சரிடா" என்றேன். அவன் முகத்தையே இன்னும் நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை. தலை முழுக்க வெளுத்திருந்தது. கழுத்துச் சதை தொங்கியிருந்தது. பதினாலு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறோம். அதற்குள் அவன் மனைவியின் போன் வந்தது. எடுத்து, "ஓமப்பா, வந்திட்டார். இப்ப வெளிக்கிடுறம்" என்றான். வார்த்தை மட்டும் இல்லை, குரலே வேறு ஆளுடையதாக இருந்தது.

அவனும் நானும் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரே கிராமம், ஒரே தெரு. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தோம். அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவன் அப்பா பாம்பு கடித்துச் செத்துப்போனார். அவன் ஆத்தா மல்லிகைக் கொல்லைகளுக்குப் பூ எடுக்கப் போய்த்தான் அவனை வளர்த்தாள். நானும் அவளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக் குழம்பு பிடிக்காத நாளில் அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

பிறகு நான் கீரமங்கலத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவே என் தொழிலாகிவிட்டது. அவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இரண்டு வருடம் வேலை இல்லாமல் அலைந்தான். அறந்தாங்கிப் பக்கம் இருந்த ஓர் அகதி முகாமில் யாழ்ப்பாணத்துப் பையன்கள் இரண்டு பேர் அவனுக்குச் சிநேகிதமானார்கள். பாதி நாள் அங்கேதான் கிடப்பான். அவர்கள் பேச்சை அப்படியே பேசிக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பான். அந்த இருவரும் ஏஜென்ட் பிடித்து சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பியபோது இவனும் மூன்றாவதாக ஒட்டிக்கொண்டான். இந்தியாக்காரன் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், யாழ்ப்பாணத்தான் என்றால் இருக்க விடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். இவனும் யாழ்ப்பாணத்தான் ஆனான்.

இதுவரைக்கும் அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிழைப்புக்காகப் பொய் சொல்லி வெளிநாடு போனவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர். வயதைக் கூட்டிக்கொண்டு வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த கை இது.

முதல் சில வருடம் கடிதம் மட்டும் வந்தது. அதுவும் என் முகவரிக்கு, அனுப்பியவர் பெயர் இல்லாமல். நான் ஆத்தாவுக்குப் படித்துக் காட்டுவேன். ஒரு கடிதத்தில் ஆத்தாவின் படம் ஒன்று வேண்டும் என்று எழுதியிருந்தான். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆத்தாவிடம் படத்துக்கு உடுத்துகிற மாதிரி சேலை இல்லை என்று என் மனைவி தன்னுடைய நீலப் பட்டைக் கட்டிவிட்டாள். நான் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து கீரமங்கலத்து ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். சேலை அழுக்காகிவிடுமென்று ஆத்தா வழியெல்லாம் முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அழைக்க ஆரம்பித்தான். பன்னிரண்டு மணிக்குத்தான் அடிக்கும். ஆத்தா பத்து மணிக்கே தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். "சாப்பிட்டியாப்பு, அங்கிட்டு குளுரு எப்புடியிருக்கு" என்பதற்கு மேல் அவளுக்குப் பேச வராது. ரிசீவரை வைத்த பிறகுதான் கேட்க நினைத்ததெல்லாம் ஞாபகத்துக்கு வரும். அதையெல்லாம் என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போவாள். அவனுக்கு அங்கேயே கல்யாணம் ஆனது. மகள் பிறந்தது. எல்லாச் செய்தியும் என் வீட்டு டெலிபோனில்தான் அவளுக்கு வந்தது.

சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்த பிறகு ஒரே ஒரு தடவை குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்தான். மதுரை, ராமேஸ்வரம், திருச்சி என்று கோயில் சுற்றினார்கள். ஊருக்கு வரவில்லை. மனைவிக்கே தான் யாழ்ப்பாணத்தான் இல்லை என்பது தெரியாது என்று அப்போதுதான் எனக்குச் சொன்னான். மனைவியும் மகளும் துணிக்கடையில் இருந்த நேரத்தில், திருச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஹோட்டலில் ஆத்தாவுக்கு அரைமணி நேரம் கிடைத்தது. ஒரு டப்பா நிறைய அதிரசம் சுட்டு எடுத்து வந்திருந்தாள். அவன் இரண்டை அங்கேயே தின்றான். "மிச்சத்த நீயே கொண்டுபோயிரு ஆத்தா, எங்க வாங்குனதுன்னு கேப்பாக" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்தான்.

திரும்பும் பஸ்ஸில் புதுக்கோட்டை வரைக்கும் ஆத்தா அந்த டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "கன்னமெல்லாம் வச்சு நல்லாத்தான் இருக்கான்ல" என்றாள். ஊரில் இறங்கி நடக்கும்போது, "பேத்தி யாரு சாயல்னு கேக்காம வந்துட்டேனே தம்பி" என்றாள்.

கஜா புயல் அவள் வீட்டு ஓட்டை அள்ளிக்கொண்டு போனது. தகரம் போட்டுக் கொடுத்தோம். அடுத்த வருடம் மூச்சிரைப்பு வந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். மூன்றாம் நாளே அவனுக்குச் சொல்லிவிட்டேன். "என்ன சொல்லிட்டு மாப்ள வர்றது?" என்றான். ஆறாம் நாளும் அதையேதான் சொன்னான். அவள் போய்விட்டாள் என்று நான் சொன்ன நேரம் அவன் வேலையில் இருந்தான். போனில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு, "நீயே கொள்ளி வச்சிரு மாப்ள" என்றான்.

பங்காளிகள், "நாங்க இருக்கையில இவன் யாரு கொள்ளி வைக்க" என்று குதித்தார்கள். நான்தான் வைக்க வேண்டும் என்று ஆத்தா ஆஸ்பத்திரியிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்ததால் அடங்கினார்கள். மொட்டை அடித்துக்கொண்டு நான் வைத்தேன். வீடியோவில் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம், பக்கத்துல ஆளு இருக்கு" என்று வைத்துவிட்டான். தை அமாவாசைக்கு மணமேல்குடிக் கடலில் முழுக்குப் போடும்போது என் அப்பாவுக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு அவளுக்கும் ஒரு கை இறைக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் அவனைப் பார்க்கப் போனேன். என் மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறாள். பிரசவத்துக்காக நானும் மனைவியும் போயிருந்தோம். "ரயில்ல காலைல ஏறுனா மத்தியானம் லுசேர்ன்ப்பா. போயிட்டு வாங்க" என்று மகள் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். பச்சைக் குழந்தையை விட்டு நகர முடியாததால் மனைவி வரவில்லை. "ஆத்தாவப் பத்திப் பேசிட்டு வாங்க. அவருகிட்ட ஒக்காந்து பேச வேற யாரு இருக்கா, பாவம்" என்று சொல்லி அனுப்பினாள்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே ஏரிதான். தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. அந்தப் பக்கம் மலை, பாதிக்கு மேல் மேகம். ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்தில், கூரை போட்ட நீளமான மரப்பாலம் ஒன்று கோணலாகக் கிடக்கிறது. பல நூறு வருடத்துப் பாலம் என்றான். அதன் நடுவில் தண்ணீருக்குள்ளேயே எட்டுப் பட்டையாக ஒரு கல் கோபுரம். கூரைக்கு அடியில் முக்கோணப் பலகைகளில் பழைய ஓவியங்கள். ஓர் இடத்தில் பலகை கரிந்து கறுப்பாக இருந்தது.

"நான் வந்த புதுசுல இது எரிஞ்சுபோச்சு மாப்ள. ஊரே நின்னு அழுதுச்சு. மறு வருசமே பழைய மாதிரியே கட்டிப்புட்டான்" என்றான். ஓர் ஊர்க்காரனின் பெருமை அவன் பேச்சில் இருந்தது. எனக்கும் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்னங்களுக்கு ரொட்டி போடக் கூடாது, இங்கே அபராதம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். ஆற்றங்கரைத் தெருவில் சுவரெல்லாம் சித்திரம் எழுதிய வீடுகளைக் காட்டினான். பஸ்ஸில் போகும் வழியில் ஒரு மஞ்சள் கட்டிடத்தைக் காட்டி, "இங்கதான் இப்ப வேலை. முதியோர் இல்லம். கிச்சன்ல இருக்கேன். எல்லாம் தொண்ணூறு வயசுக் கெழவிங்க. சிலதுக்கு நானே போயி சூப்பு ஊட்டிவிடுவேன். நான் லீவு போட்டா எங்க அந்த ஆளுன்னு கேக்குங்க. என்னய மகன்னுதான் கூப்புடுங்க" என்றான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அவன் மனைவி இரண்டு கையையும் கூப்பி, "வாங்கோ அண்ணா, வாங்கோ. குளிருக்க வந்திருக்கிறீங்கள். இருங்கோ, முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். கண்ணில் நீர் நின்றது. "இவர் உங்களைப் பற்றி நெடுகச் சொல்லுவார். ஆருமில்லாம முகாமில கிடந்தவருக்கு நீங்கள்தானே சாப்பாடு கொண்டு வந்து குடுத்தனீங்கள்" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன். என் முதல் பொய் அப்படித்தான் ஆரம்பித்தது.

நல்ல பெண்மணி. எனக்கென்று புட்டு அவித்து, மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்திருந்தார். தட்டில் ஒன்று குறையும்முன் வைத்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். திருத்தமான முகம். சிரிக்கும்போது மேலுதட்டை இழுத்துக்கொள்வாள். ஆத்தா அப்படியேதான் சிரிப்பாள்.

கை கழுவிவிட்டு வந்தபோதுதான் அந்தச் சுவரைப் பார்த்தேன். சாமி படங்களுக்கு இடப்பக்கம் இரண்டு படங்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. இரண்டுக்கும் பிளாஸ்டிக் மாலை. சின்ன மின்சார விளக்கு. ஒன்று யாரோ ஒரு மீசைக்காரர். இன்னொன்று ஆத்தா. என் மனைவியின் நீலப் பட்டுடுத்தி, கண்ணை அகல விரித்து, போட்டோக்காரர் அசையக் கூடாது என்று சொன்னதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் நின்றதைப் பார்த்து மகள் பக்கத்தில் வந்தாள். "இது எங்கட அப்பம்மா. அப்பா ஊரை விட்டு வெளிக்கிட முதலே ஷெல் விழுந்து செத்துப்போனவ. அப்பா அப்ப தோட்டத்தில நிண்டவராம். ஓடி வந்து பாக்க வீடே இல்லையாம்."

நான் நண்பனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இந்தச் சீலை" என்று அந்தப் பெண் படத்தின் கண்ணாடியில் விரலை வைத்தாள். "அவ சாகிறதுக்கு முதல் வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு உடுத்ததாம். பிறகு உடுக்கேல்லையாம். எனக்கு இந்த நீலம் சரியான விருப்பம்."

அவளுடைய அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து மற்றப் படத்தைக் காட்டினார். "இது என்ர அப்பா, அண்ணா. அவரும் ஷெல்லிலதான் போனவர். எனக்கு அப்ப பதினொரு வயசு. என்ர கண் முன்னால. பிறகு நான் ஆரோடையும் அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை. இவரைக் கலியாணம் பேசி வரேக்க, இவற்ற அம்மாவும் அப்பிடித்தான் எண்டு சொல்லிச்சினம். அப்ப நான் நினைச்சன், இந்த மனுசனுக்கு நான் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை எண்டு." "இப்பவும் இரவில நான் திடுக்கிட்டு எழும்பினா இவர் ஒண்டும் கேக்க மாட்டார். கையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பார்."

இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் வருடா வருடம் படைப்பார்களாம். இவனுக்குத் தன் தாய் இறந்த திகதி சரியாக ஞாபகம் இல்லை, அந்த நேரத்துக் குழப்பம், அதனால் என் அப்பாவின் நாளிலேயே சேர்த்துச் செய்துவிடுவோம் என்றார்.

அப்போது மகள் கேட்டாள். "மாமா, நீங்கள் அப்பம்மாவை ஒருக்காலும் கண்டதில்லையோ?"

அவன் துணியை வைத்துவிட்டான். "அவர் எப்பிடி அம்மா காணுறது? நான் இந்தியாவுக்கு வந்தது அதுக்குப் பிறகுதானே" என்றான் அந்தக் குரலில்.

அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாயும் பார்த்துக்கொண்டிருந்தார். நான், "இல்லம்மா. பாத்ததில்ல" என்றேன்.

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஆத்தாவுக்கு மொட்டை போட்ட தலை இது. நண்பனுக்காக அதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்மணியின் முகத்துக்காகச் சொன்னேன். அவர் பதினொரு வயதில் கண்ட சாவுக்குத் துணையாக இவன் ஒரு சாவைச் செய்து பக்கத்தில் மாட்டியிருக்கிறான். அதை நான் கழற்றினால் விழப்போவது இவன் மட்டும் இல்லை.

சாயங்காலம் எனக்கு ரயில். வழியனுப்ப அவன் மட்டும் வந்தான். நேரம் இருந்ததால் ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நிறையப் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக் கப்பல் ஒன்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது.

"எப்படா செத்துச்சு ஆத்தா?" என்றேன்.

அவன் கப்பலைப் பார்த்தான்.

"சொல்றா. நான் கொள்ளி வச்ச ஆத்தா எது, நீ படைக்கிற ஆத்தா எது?"

"சத்தம் போடாத. இங்க நம்ம ஆளுங்க நடப்பாங்க."

"எந்த நம்ம ஆளுங்க?"

அவன் முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னான். "வந்து மூணாம் மாசம் விசாரணை மாப்ள. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, பக்கத்துல மொழிபெயர்க்க ஒரு அம்மா. அந்த அம்மா யாழ்ப்பாணம். எம் பேச்ச வச்சே கண்டுபிடிச்சிரும்னு பயம். அப்பா இருக்காரான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அம்மான்னு கேட்டாங்க. இருக்குன்னா எங்க, எந்தத் தெரு, எப்பக் கடிதாசி வந்துச்சுன்னு அடுத்தடுத்துக் கேப்பாங்க. செத்துட்டாங்க, ஷெல்லுன்னேன். கேள்வி நின்னுபோச்சு. அந்த மொழிபெயர்த்த அம்மா கண்ணத் தொடச்சுச்சு. அம்புட்டுத்தான். பேப்பர்ல ஒரு வரி."

"அன்னைக்கு ஆத்தா மல்லியக் கொல்லையில பூ எடுத்துக்கிட்டு இருந்திருக்கும்டா."

"தெரியும்."

"பேப்பர்ல எழுதுன, சரி. கட்டுனவகிட்ட?"

"பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு அந்த பேப்பர்ல இருந்த கதைதான் போச்சு. நான் புதுசா ஒண்ணும் சொல்லல. அவ அழுதுக்கிட்டே எங்கிட்ட அவ அப்பாவப் பத்திச் சொன்னா. அப்ப நான் என்னத்தச் சொல்றது? எங்க ஆத்தா நல்லாத்தான் இருக்கு, நான் சும்மா சொன்னேன்னா?"

"நல்லூர்த் திருவிழான்னு யாரு சொல்லச் சொன்னா? அது எம் பொண்டாட்டி சேலைடா."

"புள்ள கேட்டுக்கிட்டே இருக்கும் மாப்ள. அப்பம்மா என்ன சாப்பிடுவா, எப்பிடிப் பாடுவா, என்ன உடுப்பான்னு. எதையாச்சும் சொல்லணும்ல. பாதிக்கு மேல உண்மையத்தான் சொல்லியிருக்கேன். ஊர மட்டுந்தான் மாத்துனேன்" என்றான்.

"ஆஸ்பத்திரில ஒன்பது நாளு கெடந்துச்சு. நர்சு வர்றப்பல்லாம் வர்றது எம் மகனான்னு ஆத்தா கேட்டுச்சு."

"சொல்லாத."

"சொல்லத்தான் வந்தேன். எம் பொண்டாட்டி சொல்லச் சொல்லி அனுப்புனா."

"சொல்லாதன்னேன்ல" என்று எழுந்துவிட்டான். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றான். அவன் தோள் குலுங்கியதா, குளிரா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து பக்கத்தில் போகத் தோன்றவில்லை. முன்பு என்றால் போயிருப்பேன். பிறகு அவனே திரும்பி, "ரயிலுக்கு நேரமாச்சு" என்றான். பிளாட்பாரத்தில் ஒரு பை நிறைய சாக்லேட் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

ஸ்டுட்கார்ட்டில் மனைவி வாசலிலேயே கேட்டாள். "ஏங்க, ஆத்தாவப் பத்திப் பேசுனீங்களா? படம் வச்சிருக்காரா?"

"வச்சிருக்கான். ஒன் நீலச் சேலையோட" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். மீதியை ஊருக்கு வந்த பிறகுதான் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

நாங்கள் திரும்பி நாலு மாதம் ஆகியிருக்கும். ஆத்தாவின் மனைக்கட்டுக்குப் பங்காளிகள் வாரிசு கேட்டு மனு கொடுத்தார்கள். எங்கள் ஊர் வி.ஏ.ஓ. மரியாதையான பெண். விசாரணைக்கு, நான் பத்திரம் எழுதும் கடைக்கே வந்தது.

"சார், நீங்கதான கொள்ளி வச்சது? அதான் ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதலாம்னு. அந்தம்மாவுக்கு ஒரு மகன் இருந்ததாச் சொல்றாங்க. பங்காளிங்க இல்லவே இல்லங்குறாங்க. இருக்காரா சார்?"

நாலு வார்த்தையில் முடிகிற உண்மை. மகன் ஒருவன், அயல்நாட்டில், உயிரோடு. எத்தனை பத்திரங்களில் இதை எழுதியிருக்கிறேன். ஓர் ஆளின் பெயரை விட்டுவிட்டு எழுதினால் என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறவன் நான்.

"இல்லம்மா" என்றேன். "வெளிநாடு போனவன் அங்கேயே செத்துப்போயிட்டான்."

"எப்ப சார்?"

"போன கொஞ்ச நாள்லயே."

அந்தப் பெண் எழுதிக்கொண்டது. நான் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். தெருவில் இரண்டு மூன்று பேருக்கு டெலிபோன் கதை தெரியும். ஆனால் முப்பது வருடத்தில் அவனை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. நானே சொன்ன பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை. பங்காளிகளில் பெரியவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு போதும், நான் செய்தது என்ன என்று எனக்குச் சொல்ல.

அவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் செய்தேன். இல்லையென்று சொன்னால் பொய். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் அழைக்கும்போது சொல்லி, அவன் துடிப்பதைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. அழைத்தான். சொன்னேன்.

"ஆத்தா வீட்ட பங்காளிக்கு எழுதிட்டாங்கடா. நீ செத்துட்டன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்."

நான் காத்திருந்தேன்.

"அப்படியா?" என்றான். பிறகு, "நல்லதாப் போச்சு மாப்ள. எனக்கு இந்தப் பயம் இருந்துக்கிட்டே இருந்துச்சு. மக இப்ப எதையெடுத்தாலும் கம்ப்யூட்டர்ல தேடுறா. பட்டாவுல எங்கயாச்சும் எம் பேரு, ஆத்தா பேரோட சேந்து கெடக்குமோன்னு நெனைச்சேன். இனி ஒரு தொல்லையும் இல்லைல?"

"இல்ல" என்றேன்.

"நீ ஒருத்தன்தான் மாப்ள எனக்கு" என்றான். அவன் நிஜமாகவே நன்றி சொன்னான்.

பங்காளிகள் மறு வாரமே அந்தத் தகரத்தைப் பிரித்துச் சுவரை இடித்துவிட்டு டிராக்டர் நிறுத்தக் கொட்டகை போட்டார்கள். நான் கடைக்குப் போகிற வழி அதுதான். இப்போது சுற்றிக்கொண்டு கீழத்தெரு வழியாகப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். எத்தனை தடவை அடித்தான் என்று எழுந்ததும் பார்ப்பதில்லை. என் மனைவி மட்டும் ஒரு நாள் கேட்டாள், "அந்த வி.ஏ.ஓ. பேப்பர்ல ஆத்தாவுக்கு யாருமே இல்லைன்னா எழுதிக் குடுத்தீங்க?" என்று. ஆமாம் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.